கடைவாய்ப் பல்லும் ளாத் எழுத்தும்



குர்ஆன் ஓதக் கற்பிக்கும் எந்த உஸ்தாதைக் கேட்டாலும், பிள்ளைகள் அதிகம் தடுமாறும் எழுத்து ‘ளாத்’ என்றே சொல்வார். தமிழில் அதை எழுதுவதிலேயே நமக்குள் ஒருமை கிடையாது. ரமலான் என்று சிலர் எழுதுவர். ரமளான் என்று சிலர். இலங்கைச் சகோதரர்கள் ரமழான் என்பர். மூன்றும் அந்த எழுத்தின் வாசல்வரை சென்று திரும்பி வந்தவையே. நாவின் ஓரம் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களைத் தொடும் இடமே அதன் பிறப்பிடம். இடது ஓரத்தில் எளிது, வலது ஓரத்தில் கடினம், இரு ஓரங்களிலும் ஒருசேர மொழிவது அதனினும் கடினம் என்று தஜ்வீத் நூல்கள் சொல்கின்றன.

இதைச் சொல்லால் விளக்க முடியாது. எனவே வாயை அகலத் திறந்து, விரலால் சுட்டிக் காட்டுவது நமது வழக்கம். கடந்த ஆண்டு ஒரு நாள் அஸருக்குப் பின் நடந்த வகுப்பில், முன்வரிசையில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் ரிஹாலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “ஹஸ்ரத், நாக்கு படுற அந்தப் பல்லுல ஓட்டை இருக்கு, கருப்பா” என்றான். பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தனர். நாமும் சிரித்துச் சமாளித்துப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

அது நாம் அறியாத செய்தியன்று. நான்கு மாதங்களாக வலப்புறத்தால் மட்டுமே மென்று வந்தோம். குளிர்ந்த நீர் பட்டால் சுள்ளென்று இழுக்கும். இனிப்பு பட்டாலும் அப்படியே. கிராம்புத் தைலம் தோய்த்த பஞ்சு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருந்தது. ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்கும்படி சமுதாயத்தை ஏவியிருப்பேன், சிரமமாகிவிடும் என்பதாலேயே விட்டேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறவர் நாம். மிஸ்வாக்கும் நமது பையில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அது நமது முன்பற்களைத் தாண்டிச் சென்றதில்லை. வெளியே தெரியும் பற்களுக்கு மிஸ்வாக், தெரியாத பற்களுக்குக் கிராம்புத் தைலம் என்று ஒரு பிரிவினை செய்து வைத்திருந்தோம்.

மருத்துவரிடம் போகாததற்கு ஒரு பழைய கணக்கும் காரணம். 31 வயதில் கீழ்வரிசையின் இடப்புறக் கடைவாய்ப் பல் ஒன்று வலித்தது. வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம் என்று அன்றைய மருத்துவர் சொன்னார். மதரஸாச் சம்பளத்தை மனத்தில் கணக்கிட்டுப் பார்த்து, “பிடுங்கி விடுங்கள்” என்றோம். பல் போனால் வலி போகும், பிரச்சினையும் போகும் என்பது நமது எண்ணம். வலி போனது. பிரச்சினை மெல்ல இடம் மாறியது. பிடுங்கிய இடத்தை நோக்கிப் பின்னிருந்த பல் சாய்ந்தது. எதிரே தாங்குவதற்குப் பல் இல்லாததால் மேல்வரிசைப் பல் சிறிது சிறிதாகக் கீழே இறங்கியது. இறங்கிய பல்லுக்கும் அதன் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே இறைச்சி நார் தங்கத் தொடங்கியது. அங்கேதான் சொத்தை பிடித்தது. அதாவது, இடது மேல்வரிசையில். ளாத் எழுத்துக்கு எளிதான பக்கத்தில்.

பற்களுக்குத் தஜ்வீத் ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர்களை மாணவர்களுக்கு மனனம் செய்விப்போம். 32 பற்களில் ஸனாயா 4, ரபாஇய்யாத் 4, அன்யாப் 4, ளவாஹிக் 4, தவாஹின் 12, நவாஜித் 4. தவாஹின் என்றால் அரைப்பவை. அரைப்பதற்கு மட்டுமன்று, வசனத்தை அதன் உரிமையோடு மொழிவதற்கும் அவை தேவை. பல் இழந்த முதியவர் ஓதினால் அவருக்குச் சலுகை உண்டு, ஐயமில்லை. ஆனால் நாற்பதுகளில் இருக்கும் ஓர் ஆசிரியர் சோம்பலினால் பல்லை இழந்துவிட்டு, ஐம்பது பிள்ளைகளுக்கு அரைகுறை ளாத்தைக் கற்றுக் கொடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. வலியும் உறங்கவிடவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பக்கத்து ஊரில் பல் மருத்துவராக இருப்பவர் நமது மக்தபில் ஓதிய பிள்ளை. நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பிப் பார்த்து, ஒளிப்படமும் எடுத்தார். “ஹஸ்ரத், பிடுங்க வேண்டாம். வேர் சிகிச்சையும் இப்போதைக்கு வேண்டாம். சொத்தையை மட்டும் எடுத்துவிட்டுப் பல் நிறத்திலேயே அடைத்துவிடலாம்” என்றார்.

“கடைவாய்ப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள் தம்பி? வெள்ளி அடைப்பே போதுமே” என்றோம்.

“நிறத்துக்காகச் சொல்லவில்லை ஹஸ்ரத். ஒட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.”

அவர் விளக்கியது இது. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலோடான எனாமலிலிருந்து தாது உப்புகளைக் கரைக்கிறது. உமிழ்நீர் அவற்றை ஓரளவு திருப்பிச் சேர்க்கிறது. கரைவது மிகுந்து, சேர்வது குறைந்தால் பள்ளம் விழுகிறது. கடைவாய்ப் பற்களின் உச்சியில் இயற்கையாகவே குறுகிய பிளவுகள் உண்டு. அவற்றின் அடிவரை எந்தக் குச்சியும் எந்தத் தூரிகையும் செல்வதில்லை. எனாமலைத் தாண்டினால் டென்டின். அது மென்மையானது, சொத்தை அங்கே பக்கவாட்டில் வேகமாகப் பரவும். அதனால்தான் வெளியே ஊசிமுனை அளவு தெரியும் கரும்புள்ளிக்குள் ஒரு குகை இருக்கிறது. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட பற்கூழ். சொத்தை அதைத் தொடும்வரை அடைப்பு. தொட்டுக் கெடுத்துவிட்டால் வேர் சிகிச்சை அல்லது இழப்பு.

வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அது பல்லோடு ஒட்டாது. பானைக்குள் வைத்த களிமண் உருண்டை வாய் குறுகலாக இருந்தால் வெளியே வராதல்லவா, அப்படித்தான் நிற்கும். எனவே அடிப்பக்கம் அகலமாகவும் போதிய ஆழமாகவும் குழி தோண்ட வேண்டும். சொத்தை சிறிதாயினும் குழி பெரிதாகும். கெடாத பல்லும் சேர்த்தே வெட்டப்படும். அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் ஜி. வி. பிளாக், பின்னாளில் சொத்தை வராதிருக்க அருகிலுள்ள பிளவுகளையும் சேர்த்து வெட்டுவதையே ஒரு விதியாக வகுத்தார். பல தலைமுறை மருத்துவர்கள் அவ்வாறே செய்தனர்.

1955இல் மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்க ஆய்வாளர், உலோகத்தில் வண்ணம் நன்கு பற்றுவதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கண்டு, அதையே எனாமலில் செய்து பார்த்தார். அமிலம் பட்ட எனாமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகி, பிசினை இறுகப் பிடித்துக் கொண்டது. 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசினில் நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்ததே இன்று காம்போசிட் எனப்படும் பல் நிற அடைப்பின் மூலம். ஒட்டுகின்ற பொருள் கிடைத்தபின், ஒட்டாத பொருளுக்காக நல்ல பல்லை வெட்ட வேண்டிய தேவை குறைந்தது. பற்கூழின் அருகே கறைபட்டு ஆனால் கெட்டியாக இருக்கும் பகுதியைக்கூட இப்போது சுரண்டி எடுப்பதில்லை. மூடி முத்திரையிட்டு விட்டுவிடுகின்றனர்.

அமால்கத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏழைகளின் பற்களைக் காத்தது அது. உமிழ்நீர் சற்றுப் பட்டாலும் பொறுத்துக் கொள்ளும். காம்போசிட் பொறுக்காது. பாதரசத்தால் சூழல் கெடுவதைத் தடுக்க 2013இல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்தில் அதன் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் உடன்பட்டுள்ளன; இந்தியாவும் அதை ஏற்றுள்ளது. ஆனால் ஏற்கெனவே வாயில் உறுதியாக இருக்கும் வெள்ளி அடைப்பை நிறத்துக்காகத் தோண்டி எடுக்க வேண்டாம் என்றே நமது மருத்துவர் சொன்னார். எடுக்கும்போது மேலும் பல் போகும்.

முதலில் நிறம் பார்த்தார். பல் உலர்ந்துவிட்டால் வெளுத்துத் தோன்றும் என்பதால் ஈரமாக இருக்கும்போதே பார்க்க வேண்டுமாம். பிறகு ஊசி. அதன்பின் ரப்பர் திரை ஒன்றை மாட்டிப் பல்லை மட்டும் வெளியே நிறுத்தினார். சுழலும் கருவியின் ஓசைதான் நமது அச்சத்தின் பாதி; அது சில நிமிடங்களில் முடிந்தது. மீதியைச் சிறு கரண்டி போன்ற ஒன்றால் வழித்து எடுத்தார். ஈர மரத்தூள் போல வந்தது. பக்கவாட்டுச் சுவரே போயிருந்ததால் பல்லைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டையைக் கட்டி, இடுக்கில் சிறு மர ஆப்பைச் செருகினார். நீல நிற அமிலக் களிம்பைப் பூசிச் சில வினாடிகளில் கழுவினார். ஒட்டுத் திரவம். பிறகு பிசினைப் படிப்படியாக, ஒவ்வொரு படியும் சுமார் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியால் இறுகச் செய்தார். மொத்தமாக வைத்தால் உள்ளே ஒளி எட்டாது. இறுகும்போது சுருங்கும் பொருளாதலால் ஓரம் பிரியவும் கூடும். இறுதியில் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்திருந்த இடங்களைத் தேய்த்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம். இடையில் வாயை மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஓர் ஆசிரியருக்கு அதுவும் ஒரு பயிற்சிதான்.

அன்றைய இஷாவுக்கு நாம் இமாமாக நிற்கவில்லை. கன்னமும் மேலுதடும் மரத்திருந்தன. ஃபாத்திஹாவின் இறுதிச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தோம், சரியாக வரவில்லை. முஅத்தினை முன்னிறுத்திவிட்டுப் பின்னால் நின்றோம். பஜ்ரில் சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் மெல்லும்போது அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு இடிப்பது போலிருந்தது. மீண்டும் போனோம்; ஒரு நிமிடத் தேய்ப்பில் தீர்ந்தது. குளிர்ச்சியின் கூச்சம் பத்து நாள்கள்வரை இருந்து மறைந்தது. இது என்றென்றைக்கும் நிற்கும் என்று மருத்துவர் வாக்களிக்கவில்லை. ஓரங்களில் மறுபடியும் சொத்தை வரலாம், தேயலாம், சிறு பகுதி உடையலாம், அப்போது உடைந்த இடத்தை மட்டும் ஒட்டிச் சரிசெய்யலாம் என்றார். கட்டணம் 1,500 ரூபாய். பிடுங்கிய பல்லுக்கு அன்று கொடுத்ததைவிட அதிகம்தான். அந்தப் பல்லின் இடத்தை நிரப்ப இன்று ஆகும் செலவைக் கேட்டபோது இது தள்ளுபடி போலத் தோன்றியது.

செய்தி ஜமாஅத்தில் பரவியதும் கேள்விகள் வந்தன. அடைப்புக்கு அடியில் நீர் சேராதே, கடமையான குளிப்பு நிறைவேறுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நமது பகுதியில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழ்கிறோம். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு, ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். ஆகவே ஹனஃபி ஒருவர் இதைக் கேட்பது முறையே. பல்லோடு நிலையாகப் பொருந்தி, சேதமின்றி எடுக்க இயலாத அடைப்பு பல்லின் ஒரு பகுதியாகவே கருதப்படும். அதன் மேல் நீர் பட்டால் போதும் என்பதே உலமாக்களின் விடை. குலாப் போரில் மூக்கை இழந்த ஸஹாபி அர்ஃபஜா (ரலி) அவர்கள் முதலில் வெள்ளியால் மூக்குச் செய்தணிந்து, அது நாற்றமெடுத்தபோது பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் உள்ளது. பல்லைப் பொன்னால் கட்டுவது பற்றிய ஃபிக்ஹு ஆய்வுகளுக்கு அந்தச் செய்தியே அடிப்படை. அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவது கண்டிக்கப்பட்டது வேறு. கெட்டதைச் சீர்செய்வது வேறு.

நோன்பைப் பற்றியும் கேட்டனர். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் ஜித்தாவில் கூடியபோது, பல்லைக் குடைவதும் பிடுங்குவதும் துலக்குவதும், தொண்டைக்குள் எதுவும் விழுங்கப்படாதவரை நோன்பை முறிக்கா என்று முடிவு செய்தது. இருப்பினும் அவசரமில்லாத அடைப்பை இஃப்தாருக்குப் பிறகு வைத்துக் கொள்வதே மனத்துக்கு நிம்மதி. நம்மைக் கேட்டால், ரமலானில் பற்களுக்கு வரும் ஆபத்து மருத்துவரின் கருவியால் அன்று. இஃப்தாரில் பேரீச்சம்பழம், ரோஜா சர்பத், பிறகு தராவீஹுக்குப் பின் பலகாரம், ஸஹரில் சோறும் வாழைப்பழமும் சீனியும் பிசைந்து உண்டுவிட்டு, பஜ்ர் தொழுததும் அப்படியே உறங்குகிறோம். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறையும். ஸஹர் முடிந்து பாங்குக்கு முன் இரண்டு நிமிடம் பற்பசையால் துலக்க நேரமில்லாத அளவுக்கு நாம் எவரும் தாமதமாக எழுவதில்லை.

இவ்வளவும் நமது பல்லின் கதை. எழுத வந்தது அதற்காக மட்டுமன்று.

அடைப்பு முடிந்து எழுந்தபோது மருத்துவர், “வீட்டில் சின்னப் பிள்ளைக்கு எத்தனை வயது ஹஸ்ரத்?” என்று கேட்டார். எட்டு என்றோம். “ஒருமுறை அழைத்து வாருங்கள்” என்றார். அப்போதுதான் உறைத்தது. ஏழெட்டு மாதங்களுக்கு முன் நமது துணைவியார், “புள்ளைக்குக் கடைசிப் பல்லுல கருப்பா கோடு தெரியுது, சாப்பிடும்போது முகத்தைச் சுளிக்கிறா” என்று சொல்லியிருந்தார். கிதாபிலிருந்து தலையை உயர்த்தாமலே நாம் சொன்ன விடை: “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்.”

அது பால் பல் அன்று. பால் பற்கள் மொத்தம் 20. ஒவ்வொரு தாடையிலும் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஐந்து. ஏறக்குறைய ஆறு வயதில், அந்த ஐந்துக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கிறது. முன்பல் விழுந்தால் வீடே கூடிப் பார்க்கிறது. இது ஓசையின்றி வருவதால் எவரும் பார்ப்பதில்லை. ஆயுள் முழுவதற்குமான முதல் கடைவாய்ப் பல் அதுவே. நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. இதை நாம் 40 வயதுக்கு மேல் அறிந்தோம். தவாஹின் 12 என்று இருபது ஆண்டுகளாக மனனம் செய்வித்தவர், அவற்றில் முதலாவது நம் மகளின் வாயில் முளைத்ததை அறியவில்லை.

மகளுக்குக் கீழ்வரிசையில் இரு பக்கமும் அந்த ஆறாவது பற்களில் சொத்தை. வலப்புறத்தில் அது பிளவோடு நின்றிருந்தது. ஊசிகூடத் தேவைப்படவில்லை. கடுகளவு இடத்தைச் சுத்தம் செய்து, அமிலக் களிம்பு, ஒட்டுத் திரவம், நீல ஒளி என்று இருபது நிமிடங்களில் முடிந்தது. எங்கே அடைத்தார் என்று கண்ணாடியில் பார்த்தும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மேல்வரிசையில் சொத்தை தொடாத இரண்டுக்கும் பிளவுகளை மெல்லிய பிசினால் மூடினார்.

இடப்புறத்துப் பல்லின் ஒளிப்படத்தை நெடுநேரம் பார்த்தார். சொத்தை பற்கூழைத் தொட்டிருந்தது. பல் வெளியே வந்தபின் அதன் வேர் முழுமையடைய மேலும் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகுமாம். மகளின் வேர் நுனி இன்னும் மூடவில்லை. பற்கூழ் முழுவதும் செத்துவிட்டால் வேர் பாதியிலேயே நின்றுவிடும். எனவே கெட்ட மேற்பகுதிக் கூழை மட்டும் அகற்றி, உயிருள்ள அடிப்பகுதியின் மேல் மருந்துச் சிமெண்டை வைத்து, அதற்கு மேல் பல் நிற அடைப்பால் மூடினார். உள்ளே மிஞ்சியது பிழைத்து வேரை வளர்க்க வேண்டும். “ஏழெட்டு மாதம் முந்தி வந்திருந்தால் இதுவும் வலப்புறம் போலவே முடிந்திருக்குமா தம்பி?” என்று கேட்டோம். அவர் கருவிகளை அடுக்கிக்கொண்டே, “முடிந்திருக்கலாம் ஹஸ்ரத்” என்றார். ஆசிரியர் என்ற மரியாதைக்காக மென்மையாகச் சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் மகள் ஈருருளியின் பின்னாலிருந்து கேட்டாள்: “வாப்பா, இந்தப் பல் விழுந்து முளைக்காதா?” நாம் சொல்லிக் கொடுத்த வாசகம்தான் அது. சந்தைத் திருப்பம்வரை நாம் பேசவில்லை. பிறகு, “இல்லை மகளே, வாப்பா தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்றோம்.

பாடம் ஒப்புவித்தால் மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தை மக்தபில் நிறுத்திவிட்டோம், பென்சில் கொடுக்கிறோம். வரவேற்பு குறைவுதான். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பதே பல்லுக்குக் கேடு என்று மருத்துவர் சொன்னதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம். நடுவிலிருந்து ஆறாவது பல்லை எண்ணும் முறையையும் காட்டினோம். சில தாய்மார்கள் அங்கேயே பிள்ளைகளின் வாயைத் திறந்து எண்ணத் தொடங்கினர். தனியார் கட்டணம் இயலாதவர்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவு இருக்கிறது. வரிசையில் நிற்கச் சங்கடப்பட்டால் நாமும் உடன் வருகிறோம் என்றும் சொன்னோம். இதுவரை இருவருடன் சென்றிருக்கிறோம்.

மகளின் பல்லுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒளிப்படம். முதல் படத்தில் வேர் சற்று நீண்டிருப்பது போலத் தெரிகிறது என்றார். உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும். அடுத்தது ஷவ்வாலில். இஷாவுக்குப் பின் அவள் பல் துலக்கும்போது நாம் அருகில் நிற்கிறோம். தூரிகை இடப்புறத்தின் கோடிக்குச் செல்லும்போது, நுரை நிறைந்த வாயோடு அவளே ஆறு விரல்களை நிமிர்த்திக் காட்டுகிறாள்.